கரையில் ஒரு விளக்கு

"உங்க ஊர் எதுக்கா?" என்று அந்தப் பையன் கேட்டபோது இரவு ஒரு மணி தாண்டியிருந்தது. நீலாங்கரைக் கடற்கரையில் இருபது பேர் மணலில் நின்றுகொண்டிருந்தோம். யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை.

"ஈசிஆர்" என்றேன்.

"அது ரோடுக்கா. ஊர்?"

கொட்டிவாக்கம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி தேவைப்பட்டது. இங்கே குடிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கூரியர்காரரிடம் ஈசிஆர் என்பேன், உறவினர்களிடம் திருவான்மியூருக்குப் பக்கத்தில் என்பேன். ஊர்ப்பெயரைக் கடைசியாக எப்போது வாய்விட்டுச் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அந்த ஒரு நொடி மனதில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்களில் சென்னையின் தென்பகுதியை வழிகாட்டிகளோடு நடந்தே பார்த்தேன் என்றால், தொடக்கம் அந்தக் கேள்விதான்.

அன்று போனது ஆமை நடை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். மீனவர்கள் அவற்றுக்கு அந்தப் பெயரை மாதத்தை வைத்தே கொடுத்திருக்கிறார்கள். 1970களில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இயற்கை ஆர்வலர்கள் இந்தக் கரையில் ஆமைத் தடம் தேடி இரவில் நடக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்ந்து நடத்திவருகிறது. கோயிலையும் கோட்டையையும் சுற்றிக்காட்டும் நடைகள் இந்த ஊரில் பெருகுவதற்கு வெகுகாலம் முன்பே, கல்லூரிப் பிள்ளைகள் பொதுமக்களை அழைத்துக்கொண்டு நள்ளிரவில் நடந்திருக்கிறார்கள். நீலாங்கரையில் கிளம்பி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகரில் முடியும் நடை அது. வலக்கைப் பக்கம் கடல், இடக்கைப் பக்கம் ஊர்.

டார்ச் அடிக்கக் கூடாது, செல்பேசித் திரை ஒளிரக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. முதல் கால் மணி நேரம் கண்ணே தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல மணல் வெளுத்தது. ஈர மணலின் கறுப்பும் உலர்ந்த மணலின் சாம்பலும் பிரிந்தன. காலடியில் நண்டுகள் ஓடுவது தெரிந்தது. மேட்டில் அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்திருந்தன. சங்க காலத்து நெய்தல் நிலத்து அடும்பு, நான் தினமும் காய்கறி வாங்கும் கடையிலிருந்து நானூறு அடி தள்ளி இன்னும் பூக்கிறது. இருபது வருடத்தில் ஒருமுறைகூட அதை நின்று பார்த்ததில்லை.

பாலவாக்கம் எல்லை தாண்டியதும் முன்னால் போன பெண் கையைத் தூக்கினாள். எல்லோரும் நின்றோம். அலை தொட்ட இடத்திலிருந்து மேட்டை நோக்கி இரண்டடி அகலத்தில் ஒரு தடம், டிராக்டர் சக்கரம் உருண்டதைப் போல. பக்கத்திலேயே திரும்பிப் போன தடம். ஆமை வந்து போய்விட்டிருந்தது. இரண்டு தடங்களும் கூடும் இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. அந்தப் பெண் மண்டியிட்டு ஒரு மெல்லிய கோலை மணலில் செங்குத்தாக அழுத்தினாள். இறங்கவில்லை. ஒரு சாண் தள்ளி அழுத்தினாள். மூன்றாவது, நான்காவது முறை. ஐந்தாவது முறை கோல் வெண்ணெயில் போவது போல இறங்கியது. "இருக்கு" என்றாள், மூச்சுக்குள்ளே.

பிறகு கையால்தான் தோண்டினாள். முழங்கை மறையும் ஆழம் வந்ததும் என் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். மேலே குறுகி அடியில் அகன்ற குடுவை அது. மணல் கதகதப்பாக இருந்தது. விரல் நுனியில் முட்டை தட்டுப்பட்டது. பந்து போல உருண்டை, ஆனால் ஓடு தோல் போல மெத்தென்று இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைத்தார்கள். நூற்றுப் பதினாலு. கூட்டின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். பெசன்ட் நகரில் வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே அளவில் குழி எடுத்து இவற்றைப் புதைக்க வேண்டும். பொரிய ஏறக்குறைய 45 நாள் ஆகும். தாய் திரும்பி வருவதில்லை. மணலின் சூடுதான் அடைகாக்கிறது, குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

"அங்கேயே விட்டா என்னப்பா? கடல்தானே அதுக்குத் தெரியும்?" என்று கூட வந்த பெரியவர் கேட்டார்.

பையன் பதில் சொல்லாமல் கரையைக் காட்டினான். தெருவிளக்குகள், ஒரு விடுதியின் பெயர்ப்பலகை, அடுக்குமாடிகளின் மாடி விளக்குகள். "குஞ்சு ராத்திரிலதான் வெளிய வரும் சார். எது வெளிச்சமா இருக்கோ அதுதான் கடல்னு நம்பிப் போகும். ஒரு காலத்துல இங்க வெளிச்சம்னா கடல் மட்டும்தான். இப்ப ரோடு."

அவன் காட்டிய வரிசையில் நான்காவது விளக்கு எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் எரிவது. திருட்டுப் பயத்துக்காகச் சங்கத்தில் தீர்மானம் போட்டு வைத்த விளக்கு. தீர்மானத்தில் என் கையெழுத்தும் உண்டு.

கொட்டிவாக்கம் குப்பத்தைக் கடந்தபோது பைபர் படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. 2004 டிசம்பர் 26 அன்று அலை இந்தக் குப்பத்துக்குள் புகுந்தது. அதற்குப் பிறகுதான் கட்டுமரம் போய் இந்தப் படகுகள் மொத்தமாக வந்தன. வலைக்குவியலின் மேல் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓசைப்படாமல் தாண்டினோம். இன்னும் சற்றுத் தள்ளி ஒரு ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இப்படி ஒதுங்கின. ஆமைக்கு மீன் போலச் செவுள் கிடையாது, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மணிக்கணக்கில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் பல காலமாக இருக்கிறது. அந்த விதி காக்கப்பட்டால் இந்தக் கரையில் பிணங்கள் இத்தனை விழாது. அந்தப் பெண் ஓட்டின் நீளத்தை அளந்து நோட்டில் எழுதினாள். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

பெசன்ட் நகர் வந்தபோது வானம் வெளுக்க இன்னும் நேரம் இருந்தது. எலியட்ஸ் கடற்கரையின் வெள்ளை வளைவுச் சின்னத்தின் கீழே உட்கார்ந்தோம். 1930 டிசம்பரில் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தன்னுயிரை விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம் அது. பிழைத்தவர்கள் யாரென்று ஊர் மறந்துவிட்டது. காப்பாற்ற நீந்தியவரின் பெயர் நிற்கிறது.

அடுத்த ஞாயிறு திருவான்மியூர். பத்துப் பன்னிரண்டு பேர், வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நடுச்சாலையில் வாகனங்கள் இருபுறமும் பிரிந்து போகும் வான்மீகர் சன்னதி முன்னால் கூட்டினார். ஊருக்குப் பெயர் கொடுத்த முனிவருக்கு ஊரில் கிடைத்திருக்கும் இடம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறிய இடத்தைச் சாலை போட்டவர்கள் தொடவில்லை. அதை அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

மருந்தீசுவரர் மேற்கு பார்த்து நிற்பவர். வெள்ளத்தால் கிழக்கு வாசலுக்கு வர முடியாமல் தவித்த அப்பய்ய தீட்சிதருக்காகச் சுவாமி திரும்பிக்கொண்டார் என்பது கதை. ஆசிரியர் கதையைச் சொல்லிவிட்டு, "வெள்ளத்தை மட்டும் கவனிங்க" என்றார். கோயிலுக்குக் கிழக்கே கடல். மேற்கே இன்றைக்குப் பக்கிங்காம் கால்வாய் ஓடும் பள்ளம், அதற்கப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு. இரண்டு நீருக்கும் நடுவே மணல்மேட்டில் அமர்ந்த ஊர் திருவான்மியூர். அதே மேட்டின் தொடர்ச்சிதான் கொட்டிவாக்கமும் பாலவாக்கமும். மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் மணல் அது. எங்கள் பகுதியில் பழைய வீட்டுக் கிணறுகள் கடலுக்கு இத்தனை பக்கத்திலும் நல்ல தண்ணீர் கொடுத்ததற்குக் காரணம் அதுதான். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலத்தில் பிரகாரம் சுற்றும்போது என் வீட்டுக் கிணற்றுக்கு விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

வன்னிமரத்தடியில் நின்று இன்னொன்றும் சொன்னார். நெய்தல் நில ஊர்களுக்கு இலக்கணம் சொல்லும் பெயர்கள் பட்டினம், பாக்கம். பாக்கம்தான் சில இடங்களில் வாக்கம் ஆனது. நுங்கம்பாக்கம் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் வருகிறது. புரசைவாக்கம், வில்லிவாக்கம், பாலவாக்கம் என்று அடுக்கிக்கொண்டே போனவர், "கொட்டிவாக்கம்" என்றார். நான் நிமிர்ந்தேன். 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோதுதான் எங்கள் ஊராட்சி சென்னையானது. சென்னைக்குள் வந்தது பிற்பாடுதான் என்றாலும், பெயரின் வேர் சென்னையைவிட வெகு பழையது.

கலாக்ஷேத்ராவின் ஓரமாக நடந்து முடித்தோம். 1936இல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கியது, 1962இல் இங்கே வந்தது. வந்தபோது வெறும் மணல், இன்று தோப்பு. மரங்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தும் நடைகளை 'நிழல்' அமைப்பினர் இந்த ஊரில் நடத்துகிறார்கள். விளம்பரப் பலகைக்காக மரத்தில் அடித்த ஆணியை ஒரு தன்னார்வலர் பிடுங்கி எடுத்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பிடுங்கிய இடத்தில் கட்டைவிரலை வைத்துச் சிறிது நேரம் அழுத்திக்கொண்டிருந்தார், ஊசி போட்ட குழந்தையின் கையை அழுத்துவது போல.

அடையாறு பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். பிரம்மஞான சபையின் ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் நின்று மரமாகின்றன. முகத்துவாரத்தை ஒட்டி, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவாக 2011இல் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். நானும் ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டு போனேன். ஒரு சிறுமி கொக்கைக் காட்டி, "மிஸ், இது முன்னாடியே இங்க இருந்துச்சா, இல்ல கொண்டாந்து விட்டாங்களா?" என்று கேட்டாள். இடத்தைச் சரிசெய்தார்கள், அதுவே வந்தது என்றார் ஆசிரியை. அந்தப் பதிலைக் கேட்கவாவது ஒவ்வொரு பள்ளியும் இங்கே ஒருமுறை வர வேண்டும்.

மயிலாப்பூருக்குப் போனது பங்குனியில். கபாலீசுவரர் கோயிலில் கொடியேறவிருந்த வாரம். வழிகாட்டி எங்களைக் கோயிலில் கூட்டவில்லை, லஸ் மாதா கோயில் வாசலில் கூட்டினார். இளம்பெண், கட்டடக்கலை படித்தவர். அவர் முதலில் கேட்டது: "லஸ்னா என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. லஸ் கார்னர், லஸ் பிள்ளையார், லஸ் சர்ச் ரோடு என்று ஆயுள் முழுக்கச் சொல்லியிருக்கிறோம். போர்ச்சுகீசியத்தில் ஒளி என்று பொருள். நடுக்கடலில் புயலில் திசை தப்பிய மாலுமிகளுக்குக் கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டே கரைசேர்ந்து, வெளிச்சம் மறைந்த இடத்தில் அன்னைக்குக் கோயில் எழுப்பினார்கள் என்பது வழிவழிக் கதை. கல்லில் 1516 என்று இருக்கிறது. அந்த ஆண்டைப் பற்றி வரலாற்றாளர்களிடம் வாதம் உண்டு. சென்னையின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று என்பதில் வாதமில்லை. அக்கம்பக்கத்து மக்கள் அதற்கு வைத்த பெயர் காட்டுக் கோயில். அன்று இங்கே காடு. காட்டுக்குள் ஒரு வெளிச்சம், அதுதான் லஸ். ஆமைக்குஞ்சைத் திசை மாற்றும் அதே கரை வெளிச்சம் நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் மனிதரைக் கரைசேர்த்திருக்கிறது. உள்ளே மெழுகுவத்தியின் முன் ஒரு பூக்காரப் பெண் முழந்தாளிட்டிருந்தார். அவர் கூடையில் இருந்த பூ கோயில் வாசலில் விற்பதற்கானது.

லஸ் முனையிலிருந்து சாந்தோம் வரை ஏறக்குறைய நேராகப் போகிறது கச்சேரி ரோடு. மயிலாப்பூர் என்பதால் எல்லோரும் பாட்டுக் கச்சேரி என்றே நினைப்பார்கள். இது சர்க்கார் கச்சேரி, அலுவலகம் என்ற பொருளில். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். நாட்டு மருந்து விற்கும் டப்பாச் செட்டிக் கடை முன்னால் வழிகாட்டி எங்களை நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார். மூடினோம். சுக்கு, வசம்பு, கடுக்காய், எங்கோ அடியில் வெட்டிவேர். "இந்தக் கடைக்கு விலாசமே வேண்டாம், மூக்கே கொண்டுவந்து விட்டுடும்" என்றார். கடையில் நின்ற அம்மாள் ஒருவர் குழந்தை பெற்ற மகளுக்குப் பிரசவ மருந்து வாங்க மடிப்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். தனக்குத் தன் அம்மா இங்கேதான் வாங்கினாள் என்றார். நாங்கள் வரலாறு கேட்க நின்றோம், அவர் வரலாற்றைத் தாளில் பொட்டலம் கட்டி வாங்கிப் போனார்.

அருண்டேல் தெருவில் பேயாழ்வார் அவதரித்த கிணறு. சற்று வடக்கே போனால் முண்டகக்கண்ணி அம்மன். சுற்றிலும் கான்கிரீட், அம்மன் தலைக்கு மேலே மட்டும் இன்றும் தென்னங்கீற்றுக் கூரை. கல்லால் கட்ட வசதி இல்லாமல் அல்ல. அவள் கீற்றின் கீழேதான் இருப்பாள் என்பது ஊரின் முடிவு. அப்பால் இருக்கும் கோயிலில் வள்ளுவர் வீற்றிருக்கிறார், அவர் பிறந்தது மயிலையில் என்ற நம்பிக்கையோடு. இத்தனையும் ஒரு மணி நேர நடைக்குள். ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர், "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்றார். பைக்கில் போனால் இந்த வார்த்தை காதில் விழாது. கேமராவைத் தூக்கினாலும் விழாது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவருக்குத்தான் சொல்கிறார்கள்.

கபாலி கோயிலின் கதையைக் குளக்கரைப் படியில் உட்கார்ந்து கேட்டோம். கிழக்குக் கோபுரம் 120 அடி, 1906இல் எழுந்தது. கோயிலே இந்த இடத்துக்கு வந்து சுமார் 300 ஆண்டுகள்தான். அதற்கு முன் கடற்கரையில் இருந்தது என்பதற்கு அருணகிரிநாதர் பாட்டிலேயே சான்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர், பாம்பு கடித்து இறந்து எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்த பூம்பாவையை எழுப்பப் பாடிய பதிகம் உண்மையில் ஒரு நகரத்தின் திருவிழா நாட்காட்டி. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். இதையெல்லாம் காணாமலேயே போய்விடுவாயா பெண்ணே என்று ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறார். செத்தவளை எழுப்ப அவர் வேறு எந்த ஆசையையும் காட்டவில்லை, ஊரைக் காட்டினார். அவள் எழுந்து வந்தாள். அறுபத்துமூவர் திருவிழா அன்று காலையில் இந்தக் குளக்கரையில் அதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறார்கள்.

அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாக என் ஊரில் நடப்பது எதையும் காணாமல் இருந்தவள் நான். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிறகு கச்சேரி ரோட்டிலேயே கிழக்கே நடந்தோம். ஜும்மா மசூதியைத் தாண்டிப் போகையில் கடற்காற்று முகத்தில் பட்டது. மயிலையில் சமணருக்கும் கோயில் இருந்தது. அங்கிருந்த நேமிநாதர், கடல் கொள்ளும் என்ற அச்சத்தில் மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பது மரபு. தாலமி குறித்துவைத்த துறைமுகம் மாலியார்ஃபா இந்த மயிலைதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. துறைமுகத்தில் முதலில் போர்ச்சுகீசியர், பிறகு ஒருவர் மாற்றி ஒருவர். சாந்தோம் பேராலயம் இன்றைய வடிவில் 1896இல் திறக்கப்பட்டது, அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை மேல். பின்புறம் கடலைப் பார்த்து ஒரு கம்பம் நிற்கிறது. கடல் இதைத் தாண்டாது என்று தோமா நட்டதாக நம்பிக்கை. சுனாமிக்குப் பிறகு அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. கம்பத்தடியில் நின்று தெற்கே பார்த்தால் கரை வளைந்து போகிறது. அந்த வளைவின் ஏதோ ஒரு புள்ளிதான் கொட்டிவாக்கம் குப்பம். அங்கே கம்பம் எதுவும் இல்லை.

இப்படி நடப்பதைச் சென்னை பழக்கமாக்கிக்கொண்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதலாமவர் நகர வரலாற்றாளர் எஸ்.முத்தையா. நகரம் பிறந்த நாளாகக் கொள்ளப்படும் 1639 ஆகஸ்டு 22ஐ நினைவில் வைத்து 2004இல் அவரும் நண்பர்களும் மெட்ராஸ் தினத்தைத் தொடங்கினார்கள். இன்று ஆகஸ்டில் நகரெங்கும் நடைகள். வி.ஸ்ரீராம், கோம்பை அன்வர் போன்றவர்கள் பின்னால் நடந்து வீதிகளைக் கற்றவர்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். 2019இல் முத்தையா மறைந்தார். அவரோடு ஒருமுறைகூட நடக்கவில்லை என்ற குறை எனக்குத் தீராது.

தி.நகர் நடை வெயில் ஏறிவிட்ட ஏப்ரல் காலையில். பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையில் கடைகள் திறக்காத நேரம். பாண்டி என்பது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பனகல் பூங்கா, நடேசன் தெரு, டாக்டர் நாயர் சாலை எல்லாம் நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்கள். பகுதியின் பெயரே பிட்டி தியாகராயர். ஆனால் வழிகாட்டி எங்களைத் துணிக்கடை வீதிகளில் அதிகம் நிறுத்தவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு பெயர்ப்பலகையின் கீழே நிறுத்தினார். "ஏரி எங்கே?" என்றார். ஏரியில்தான் நின்றுகொண்டிருந்தோம். சைதாப்பேட்டைப் பக்கமிருந்து நுங்கம்பாக்கம் வரை கிடந்த நெடிய ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். 2015 டிசம்பரில் இந்தத் தெருக்களில் படகு விட்டபோது எல்லோரும் வெள்ளம் வந்தது என்றோம். வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார். "தண்ணி புதுசா வரல்லடா கண்ணா. அது எடத்துக்கு அது வந்துது" என்று சொல்லிவிட்டு, விட்ட புள்ளியிலிருந்து கோடு இழுத்தார்.

அதே வாரம் பெசன்ட் நகரிலிருந்து செய்தி வந்தது. நாங்கள் எடுத்த கூடு பொரிந்துவிட்டது.

பொழுது சாயும் நேரம். கூடையைச் சாய்த்ததும் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத கறுப்புக் குஞ்சுகள் மணலில் சிதறின. அலையில் கொண்டுபோய் விடுவதில்லை. சில அடி தள்ளியே விடுகிறார்கள், அந்தத் தூரத்தை அவை தாமே நடக்க வேண்டும். ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து திரும்பினால் அதிகம் என்பார்கள். பெண்ணாக இருந்தால் முட்டையிட இந்தக் கரைகளைத் தேடியே வரும். ஒரு குஞ்சு மட்டும் திரும்பிக் கடைவீதி வெளிச்சத்தை நோக்கி விடுவிடுவென்று ஏறியது. அன்று ஊர் எதுவென்று கேட்ட பையன் ஓடிப்போய் அதற்கும் வெளிச்சத்துக்கும் குறுக்கே நின்றான். அதன் மேல் அவன் நிழல் விழுந்தது. அது நின்றது, சற்றுத் தயங்கியது, திரும்பியது. அலை வந்து எடுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சங்கச் செயலாளரிடம் பேசினேன். ஜனவரியிலிருந்து மே வரையாவது இரவில் மாடி விளக்கை அணைப்போம், வாசலில் வேண்டுமானால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்றேன். இரண்டு கூட்டம் பிடித்தது. மூன்றாம் மாடித் தாத்தா ஒருவர்தான் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவரை ஒரு மாலை கடற்கரைக்கு அழைத்துப்போய் அடும்பு படர்ந்த மேட்டில் உட்காரவைத்தேன். தடம் எதுவும் தென்படவில்லை. ஆனால் அவர் சின்ன வயதில் தூத்துக்குடிப் பக்கம் பார்த்த ஆமைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

விளக்கை அணைத்த முதல் இரவு மாடிக்குப் போனேன். கண் பழக அதே கால் மணி நேரம் ஆனது. பிறகு கடல் தெரிந்தது. இந்த வீட்டு மாடியிலிருந்து இரவில் கடலைப் பார்த்தது அன்றுதான். தொலைவில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். எண்ணினேன். பதினொன்று.

காலையில் மீன் கொண்டுவந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். தலையிலிருந்து அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"நம்ம குப்பத்துலருந்து பன்னண்டு போட்டு போச்சும்மா. ஒண்ணு தெற்கால நீலாங்கரைப் பக்கமாப் போயிருக்கும், உங்க மாடிக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். "அது எங்க பையனோடது."